பேய் விரல்

"டிக்."

ஹாலில் இருந்து அந்தச் சத்தம் வந்தபோது ஷாஜாதி சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடம்பிடித்த சோதனை அப்போதுதான் பச்சை காட்டியிருந்தது.

வீட்டுக் கதவைப் போனிலேயே திறக்கும் ஆப் அது. திரையில் ஒரு பொத்தானை வலப்பக்கம் இழுத்தால் பூட்டு திறக்கும். முத்தியால்பேட்டை வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து அதைச் சோதிப்பது அவள் வேலை. முன்பெல்லாம் விரல் நுனி எரிய எரிய அவளே இழுத்துப் பார்ப்பாள். இப்போது கம்ப்யூட்டரில் கட்டளை எழுதிவிட்டால் போதும், யாரோ தொட்டதாகப் போன் நம்பிவிடும். பொத்தான் தானே நகர்வதைப் பார்த்து மகள் மரீஹா வைத்த பெயர், பேய் விரல்.

இன்று அந்த விரல் வெடுக்கென்று இழுத்ததால் பூட்டு மசியவில்லை. மனிதர் இழுப்பது போல் மெதுவாக இழுக்கும்படி மாற்றினாள். பச்சை.

ஆனால் டிக் என்றது எது? சோதனைக்கான பூட்டு இருப்பது அலுவலகத்தில்; அதன் சத்தம் இங்கே கேட்காதே.

போனைப் பார்த்தாள். 'வீடு' என்றிருந்தது. ஆப்பில் அலுவலகப் பூட்டுக்கு மாற்ற மறந்திருக்கிறாள். "இனிமே தாழ்ப்பாள் எதுக்கு?" என்று கணவன் ஷஃபீக் ஆசையாக வாசலில் மாட்டிய பூட்டு.

ஓடினாள். கதவு திறந்து கிடந்தது. வண்ணப் பென்சில்கள் தரையில் சிதறியிருந்தன. மரீஹா இல்லை. சின்னச் செருப்பும் இல்லை.

வண்டிகள் பறக்கும் தெரு. மூன்று வயதுப் பிள்ளை. எத்தனை வருடம் துஆ கேட்டுப் பெற்ற பிள்ளை! "மரீஹா!" என்று கத்திக்கொண்டே வாசல் படிக்கு ஓடினாள்.

"யம்மா, இது உன் வீட்டு மீனா?"

பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மாள். தலையில் கூடை, இடுப்பில் மரீஹா.

"நடுரோட்டுல நிக்கிது. பின்னால ஆட்டோ ஹாரன் அடிக்கிறான், திரும்பிக்கூடப் பாக்கல. கதவத் தொறந்து போட்டுட்டு உள்ள இன்னாம்மா பண்ற?"

"நான் தொறக்கலக்கா..."

"பேய் வெரல் தொறந்துச்சு," என்றாள் மரீஹா.

"உங்கம்மா மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இந்தா புடி. கதவ ஒழுங்கா சாத்து, நான் வரேன்."

கன்னியம்மாள் படியிறங்கினாள். மகளை மார்போடு இறுக்கிக்கொண்டு ஷாஜாதி கதவைச் சாத்தினாள். பூட்டு தானாகவே பூட்டிக்கொண்டது.

உள்ளறையில் சோதனை இன்னும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

டிக்.

பழைய இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். கதவு அசையவில்லை.