துணைக்குப் போனவள்

தேர்வுக்குத் தனியாகப் போக நாத்தனாருக்குப் பயம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளி முடித்தவர்களுக்கு ஆறு மாதம் கணினி வேலை கற்றுக்கொடுத்து, அடுத்த ஆறு மாதம் சம்பளத்தோடு ஏதாவது ஒரு நிறுவனத்தில் பழகுநராகச் சேர்த்துவிடும் பயிற்சி மையம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள்.

"நீங்களும் வாங்க அண்ணி. வாசல்ல உக்காந்திருந்தா போதும்."

அண்ணி போனாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. பள்ளி முடித்த கையோடு ஆயத்த ஆடை ஆலையில் மூன்று வருடம் தைத்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே ஒரு தையல் மெஷினைப் போட்டு அக்கம்பக்கத்தார் துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மையத்தில் பெயர் பதிந்த பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வயசு இருபத்தஞ்சு தாண்டலையே? பன்னெண்டு முடிச்சிருக்கீங்கல்ல? அப்புறம் எதுக்கு வெளிய உக்காந்து ஈ ஓட்டணும்? உள்ள போய் நீங்களும் எழுதுங்க."

அண்ணி உள்ளே போய் உட்கார்ந்தாள். பாதிக் கேள்விகள் புரியவில்லை. ஒன்று மட்டும் பழகிய முகம்போல இருந்தது: 'பிரிண்டர் திடீரென்று நின்றுவிட்டது. எதை எதை, எந்த வரிசையில் பார்ப்பீர்கள்?' தையல் மெஷின் நின்றால் என்ன செய்வாளோ அதையே எழுதினாள். முதலில் கரண்ட், அப்புறம் வயர், அப்புறம் தாள் சிக்கியிருக்கிறதா. எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே கை வைப்பேன்.

மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. அண்ணியின் பெயர் இருந்தது. நாத்தனாரின் பெயர் இல்லை.

"மாப்பிள்ளைத் தோழனா போனவன் மாலை மாத்திக்கிட்டு வந்த கதையால்ல இருக்கு," என்றாள் மாமியார். சிரிக்கிறாளா குத்துகிறாளா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை. நாத்தனார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். பஸ் ஓட்டும் அண்ணியின் கணவன், "பொம்பளைங்க விவகாரத்துல நான் குறுக்க வரல," என்று செருப்பை மாட்டினான்.

அண்ணிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் மையத்துக்கு ஓடினாள். "என் இடத்த என் நாத்தனாருக்குக் கொடுத்துடுங்க."

"இது என்ன பஸ் சீட்டாம்மா, எழுந்து இடம் கொடுக்க?" அந்தப் பெண்மணி ஒரு விடைத்தாளை உருவி எடுத்தார். "உங்க நாத்தனார் பதில் எழுதின நேரத்தவிட, நாங்க அடிச்ச கேள்வித்தாள்ல தப்பு கண்டுபிடிச்ச நேரம் அதிகம். நாலு தப்புக்கு வட்டம் போட்டிருக்கா. நாலும் சரி. செல்போன் செயலிய வெளிய விடறதுக்கு முன்னாடி, எங்கெங்க கோளாறுன்னு தட்டிப் பாத்துச் சொல்ற வேலைக்கும் இங்க வகுப்பு இருக்கு. வியாழக்கிழமை அதுக்குத் தேர்வு. அனுப்பி வைங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் மாமியார் வாய்விட்டே சிரித்தாள். "குறை சொல்றதுக்குச் சம்பளமா? அப்ப இத்தனை நாளா இவ நம்மகிட்ட சும்மா உழைச்சிருக்கா."

நாத்தனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை அவள் தனியாகவே போய்த் தேர்வாகி வந்தாள்.

ஆறு மாத வகுப்புக்குப் பின் அண்ணியை ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்த்தார்கள். கணினிகளை இணைக்கும் வயருக்குள் இருக்கும் எட்டு வண்ணக் கம்பிகளை வரிசை மாறாமல் பிளக்குக்குள் செருகுவது ஊசியில் நூல் கோக்கும் விரல்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் இரண்டாம் வாரமே, எல்லா வயர்களும் வந்து சேரும் அறையில் தப்பான வயரைப் பிடுங்கிவிட்டாள். கீழே நோயாளிகளைப் பதியும் கவுன்டர் அப்படியே நின்றுபோனது. வரிசை வாசல்வரை நீண்டது.

கூட இருந்த இன்னொரு பழகுநன், "பேசாம திரும்ப மாட்டிடுங்க, யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதே அவளுக்கு நினைவில்லை. நேராகப் பொறுப்பாளரிடம் போய், "சார், நான்தான் பிடுங்கினேன்," என்றாள்.

அவர் வந்து சரியான துளையைக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் வரிசை நகர்ந்தது. "போன வருஷம் ஒருத்தன் இதையே செஞ்சுட்டு முழிச்சுக்கிட்டு நின்னான். கண்டுபிடிக்க அரை நாள் ஆச்சு," என்றார். "இனிமே பிடுங்கறதுக்கு முன்னாடி எந்தத் துளைன்னு எழுதி ஒரு சீட்டு ஒட்டுங்க."

அன்று சாயங்காலத்துக்குள் அந்த அறையின் எல்லா வயர்களிலும் அவள் கையெழுத்தில் சீட்டு தொங்கியது. அந்த வருடம் முடியும்போது மருத்துவமனை அவளை நிரந்தரமாகவே வைத்துக்கொண்டது.

நாத்தனாருக்கு மருத்துவமனையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு செயலி நிறுவனத்தில் வேலை. இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். சில நாள் அதை ஓட்டுவது அண்ணன். அவன் பிரேக் போடும் விதத்தில் என்ன குறை என்று நாத்தனார் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வருவாள். அண்ணி ஜன்னலோரம் சாய்ந்து அரைத் தூக்கம் போடுவாள்.