தலைகுனிந்த பூவின் முகம்

காட்டுப்பூக்களுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே ஒரு கறாரான விதி உண்டு. பூவின் முகம் தெரியாத படத்துக்கு யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள்.

எனக்கு வாய்த்ததோ கவிழ்தும்பை. கோவில்பதாகை ஏரிக்கரையில் பூத்திருந்தது. இலையைத் தடவினேன், மூன்று நாள் தாடி போலச் சொரசொரத்தது. தேள்கொடுக்குச் செடியின் சொந்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வெளிர்நீலப் பூ, மார்க் குறைந்த பிள்ளை மாதிரி தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்த்தினால் காம்பு ஒடிந்துவிடும். வேறு வழியில்லாமல் புடவையோடு தரையில் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து அண்ணாந்து பார்த்தேன்.

கரைமேல் போன ஆட்டோ நின்றது. ஓட்டுநர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு, மயக்கமா?"

"இல்லண்ணா, பூவோட மூஞ்சியப் பாக்கறேன்."

அவர் பாட்டிலை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"அதுக்கு இன்னாத்துக்கு மண்ல பொரள்றே? செல்ஃபி கேமராவப் போட்டு போன கீழ வெய்யி."

ஆறு வருடமாகப் பூப் பார்க்கும் எனக்கு இது தோன்றவில்லையே என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் போனைச் செடிக்கடியில் மல்லாத்தி வைத்து, டைமர் பட்டனை அழுத்தினேன். படம் சரியாக விழுகிறதா என்று இருவரும் மேலிருந்து எட்டிப் பார்த்தோம்.

அனுப்பிய ஐந்தாவது நிமிடம் குழுவிலிருந்து பதில் வந்தது.

"கவிழ்தும்பைதான். பின்னால் இருக்கும் இரண்டுக்கும் மூக்குத் துவாரம் மட்டுமே தெரிகிறது. முகம் தெரியும் படம் அனுப்பவும்."