இராக்கம்மாவின் குரல்

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் கலாராணி. வாய்ப்புற்றுநோயில் தன் அம்மா போன பிறகு, வெற்றிலை புகையிலை போடுகிறவர்களைப் பரிசோதனைக்கு அழைத்துவர நாலு பெண்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கினாள். மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து டாக்டர் வந்தார். கோயில் மண்டபத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் வந்ததில்லை.

பதுளையில் வானொலி நிகழ்ச்சி நடத்தும் ஹுமைத் ஒரு வழி சொன்னார். "நோய் வந்தவங்களே பேசினா சனம் கேக்கும்."

லயத்து வரிசை வீடுகளில் கலாராணிக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த இராக்கம்மாவுக்கு நாக்கில் புற்று. அடுத்த கிழமை ஆபரேஷன். கலாராணி தயங்கித் தயங்கிக் கேட்டதும், "பேச்சு இருக்கிறப்பவே பேசிடுறேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

"வாயில புண்ணு ஆறலையா? நான் ஒரு வருசம் சும்மா இருந்துட்டேன். நீங்க இருக்காதீங்க தாயி."

தினமும் காலை ஆறு மணிக்கு அந்தப் பதிவு வானொலியில் ஒலித்தது. அடுத்த மாதம் மண்டபத்தில் நாற்பத்திரண்டு பேர்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இராக்கம்மாவுக்குப் பேச்சு இல்லை. விடிந்தால் லயத்தின் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ரேடியோவில் அவள் குரல் வரும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டபடி நிற்பாள். "நிறுத்தச் சொல்லட்டுமாக்கா?" என்று கலாராணி கேட்டதற்கு, வேண்டாமென்று தலையசைத்தாள். ஐந்தாம் மாதம் செத்துப்போனாள். குரல் மட்டும் நிற்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவள் புருஷன் கந்தப்பன் வந்தான்.

"காலையில அவ பேசுறா தங்கச்சி. நான் தேத்தண்ணிய ரெண்டு கோப்பையில ஊத்திடுறேன்."

கலாராணி அன்றே ஹுமைத்தை அழைத்து நிறுத்தச் சொன்னாள். பதிலாகத் தானே பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். மூன்று முறை பேசிப் பார்த்தும், 'தாயி' என்ற இடத்தில் இராக்கம்மா இழுத்தது போலவே அவள் குரலும் இழுத்தது. 

அந்த மாதம் பதினொரு பேர்தான் வந்தார்கள். அதில் லுணுகலையிலிருந்து வந்த ஒருத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ரேடியோவுல மொதல்ல பேசுன அக்கா எங்கங்க? அவங்க சொல்லித்தான் வந்தேன்."

"அவங்க இப்ப இல்லம்மா."

"வரட்டுங்க. இருந்து பாத்துட்டே போறேன்."

 கலாராணி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். கன்னத்தின் உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நல்ல நேரத்தில் வந்தாய், குணப்படுத்திவிடலாம் என்றார் டாக்டர். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். கலாராணியும் பக்கத்தில் உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.