தக்கை இல்லாத படகு

மூன்றாவது தடவையாகவும் சில்வெஸ்ரர் அந்தப் படகைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நடுவிரல் மொளியால் அடிப்பாகத்தைத் தட்டுவார். காதைக் கொண்டுபோய் ஒட்டிக் கேட்பார். ஓரடி நகர்ந்து மறுபடி தட்டுவார். பலாப்பழம் வாங்க வந்தவர் விலை சொல்லாமல் பழத்தை மட்டும் தட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. அவர் தேடியது ஒரு துளையை. பனங்குற்றிகளின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்த அந்த இருபத்தெட்டடிப் பாய்ப்படகின் அடியில் எங்கேனும் ஒரு துளை இருந்தே ஆகவேண்டும் என்று அவர் நம்பினார். பிறந்த மனிதனுக்குத் தொப்புள் போல, கட்டின வள்ளத்துக்குத் துளை.

ஊர்காவற்றுறைக் கரையில் சில்வெஸ்ரரைத் தெரியாதவர் இல்லை. பங்குப் பதிவேட்டில் அவர் பிறந்தது 1963 ஆவணி. அடையாள அட்டையில் 1964 தை. எது சரி என்று கேட்டால், "ரெண்டும் சரி. நான் கொஞ்சம் ஆறுதலாப் பிறந்தனான்" என்பார். ஆண்டின் பெரும்பகுதி மற்றவர்களைப் போல அவரும் வலைத்தொழில்தான். ஐப்பசி பிறந்து, வாடைக்காற்று தலைகாட்டத் தொடங்கியதும் அவருக்கு இன்னொரு பொறுப்பு வந்து சேரும். மாரி முடியும்வரை தொழிலுக்குப் போகாதவர்கள், வவுனியாவுக்கோ மன்னாருக்கோ பிள்ளைகளிடம் போகிறவர்கள், ஒப்பரேசனுக்குப் படுக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் வள்ளங்களைக் கரையேற்றி அவர் கையில் ஒப்படைப்பார்கள்.

ஒப்படைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு வள்ளத்தின் பின்பக்க அடியிலும், உள்ளே தேங்கும் தண்ணீர் வடிவதற்கென ஒரு துளையும் அதை அடைக்க ஒரு தக்கையும் இருக்கும். வள்ளம் கரையேறியதும் உடையவர் தக்கையைத் தன் கையால் பிடுங்கிச் சில்வெஸ்ரரின் உள்ளங்கையில் வைப்பார். மழை எவ்வளவு பெய்தாலும் வள்ளத்தில் நீர் தங்காது. தக்கையில்லாத வள்ளத்தை எவரும் கடலுக்குக் கொண்டுபோகவும் முடியாது. தக்கைகள் எல்லாம் வீட்டில், அந்தோனியார் சொரூபத்தின் கீழே, பிஸ்கட் தகரம் ஒன்றில் கிடக்கும். அன்றைக்கு அதில் பதினேழு இருந்தன. சில மரம், சில றப்பர். ஒன்று பழைய காலுறை சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு தகரத்துக்குள் கையை விட்டு, இது இன்னாருடையது என்று சொல்லக்கூடியவர் அவர்.

ஒரேயொரு முறை அவர் இந்த வழக்கத்தை மீறியிருக்கிறார். 2013ஆம் ஆண்டு கார்த்திகையில், அயலில் இருக்கும் அன்ரனிதாஸ் அவசரமாகக் கொழும்புக்குப் புறப்பட்டபோது, தக்கையைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார். "ஓம், நீர் போம், நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டார் சில்வெஸ்ரர். மூன்றாம் நாள் அன்ரனிதாஸின் மைத்துனன் அதே தக்கையோடு வந்து, எவரையும் கேளாமல் வள்ளத்தைக் கொண்டுபோனான். எழுவைதீவுக்கு அப்பால் அது கடலுக்குள் கிடந்த கற்பாரில் மோதிப் பிளந்தது. மைத்துனன் நீந்தித் தப்பினான். அன்றிலிருந்து அன்ரனிதாஸ் கோவிலில் சில்வெஸ்ரர் இருக்கும் வாங்கில் அமர்வதில்லை. பேச வேண்டியிருந்தால் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பேசுவார். தக்கை கைக்கு வராமல் எந்த வள்ளத்துக்கும் 'ஓம்' சொல்வதில்லை என்று சில்வெஸ்ரர் அந்த ஆண்டு நத்தார்ப் பண்டிகையன்று அந்தோனியாருக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டார்.

அந்த வாக்குக்குத்தான் இப்போது சோதனை வந்திருந்தது.

படகின் சொந்தக்காரர் கிளின்ரன். 1991இல், பதினான்கு வயதில், தாய் பிலோமினாவோடு நோர்வேக்குப் போனவர். தாய்லாந்தில் இந்தப் படகை வாங்கி, தாயின் பெயரையே அதற்கும் வைத்து, திருகோணமலையில் பத்திரங்கள் எடுத்துக்கொண்டு வடக்கே சுற்றி வந்து பதினொரு மாதங்களாக அதிலேயே குடியிருக்கிறார். பிலோமினாவின் தாயும் சில்வெஸ்ரரின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள். ஆகவே கிளின்ரனுக்குச் சில்வெஸ்ரர் சித்தப்பா முறை. இதை முதல் நாளிலேயே எடுத்துச் சொல்லியும் கிளின்ரன் அவரை 'அண்ணை' என்றே கூப்பிட்டு வந்தார்.

பிலோமினா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஒப்பரேசன். அதற்கு முன் போய்ச் சேர்வதற்குக் கிளின்ரன் வியாழக்கிழமை விமானத்தில் இடம் எடுத்திருந்தார். மாரி முழுவதும் படகைப் பொறுப்பெடுக்க ஆள் வேண்டும். சில்வெஸ்ரரை விட்டால் வேறு ஆள் இல்லை. நடுவிலிருக்கும் இரும்புப் பலகையை மேலே இழுத்துவிட்டால் அந்தப் படகின் வயிறு தட்டையாகிவிடும். சனிக்கிழமை ஒரு டிரக்டரும் இருபது பேருமாக அதை இழுத்துக் கரையில் ஏற்றினார்கள். அதுவரை சில்வெஸ்ரருக்கு எல்லாம் விளங்கியது.

விளங்காமற் போகத் தொடங்கியது கிளின்ரன் ஒரு கடதாசியை எடுத்தபோது. நோர்வேயில் அவர் சேர்ந்திருந்த படகுச் சங்கம் கொடுத்தது. படகைப் பல மாதம் கட்டிவைப்பதற்கு முன் செய்ய வேண்டிய முப்பத்தொரு காரியங்கள். ஒவ்வொன்றாக வாசித்து, தமிழில் சொல்லி, செய்ததும் ஒரு கோடு போட்டார். பாய்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மடிக்க வேண்டும் என்றது கடதாசி. சில்வெஸ்ரர் தலையசைத்தார், கடதாசி எழுதியவர் தொழில் தெரிந்தவர். டீசல் தாங்கியை விளிம்புவரை நிரப்ப வேண்டும் என்றது. சில்வெஸ்ரர் தலையைச் சொறிந்தார்.

"நாங்கள் வள்ளத்தை ஏத்தினால் முதல் வேலையா எண்ணெயை வடிப்பம் தம்பி. நிரப்பிப்போட்டுப் போறது கள்ளனுக்குப் பந்தி வைச்ச மாதிரியெல்லோ."

வெறுந்தாங்கி உள்ளே வேர்க்கும், அந்தத் தண்ணீர் டீசலில் கலந்துவிடும் என்று கிளின்ரன் விளக்கினார். தாங்கி வேர்க்கும் என்ற செய்தியைச் சில்வெஸ்ரர் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி சூசையம்மாவிடம் சொன்னார். "நீங்கள் வேர்க்கிற அளவுக்கோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்ததாக, தண்ணீர்க் குழாய்களுக்குள் உறையாத மருந்து விடவேண்டும் என்றது கடதாசி.

"ஏன்?"

"தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சுப் போகும், அண்ணை."

சில்வெஸ்ரர் வானத்தைப் பார்த்தார். மதில்மேல் ஒரு காகம் வெயில் தாங்காமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. "இஞ்சயோ?" என்று கேட்டார்.

கிளின்ரன் கடதாசியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த வரியை வெட்டினார். அவர் சிரித்தார், சில்வெஸ்ரருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தொன்றில் ஒன்று பனிநாட்டுக்கு உரியது என்றால் மிச்சம் முப்பதில் எது எந்த ஊருக்கு உரியது? கடதாசி முழுப் பொய் என்றால் தன் வழியில் செய்துவிடலாம். முழு மெய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். பாய் விடயத்தில் சரியாகச் சொன்ன அதே கை குழாய் விடயத்தில் இப்படிச் சொன்னால் என்ன செய்வது?

ஞாயிறு பூசை முடிந்து சூசையம்மா படகைப் பார்க்க வந்தார். காற்றுப் போய் வர வேண்டுமென்று அலுமாரிக் கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. இழுப்பறைகள் வெளியே இழுக்கப்பட்டிருந்தன. மெத்தைகள் சுவரில் சாய்த்து நிமிர்த்தப்பட்டிருந்தன. குளிர்ப்பெட்டியின் வாய்க்குள் ஒரு தடி செருகியிருந்தது. சூசையம்மா ஏணியில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கள்ளன் வந்து போன வீடு மாதிரிக் கிடக்கு. உந்தப் படகைத்தானோ நீங்கள் ரெண்டு பேரும் ரெண்டு நாளா மினக்கெட்டுப் பூட்டினீங்கள்?"

பூட்டுவதற்காகத் திறக்கிறோம் என்று விளக்க முனைந்த சில்வெஸ்ரர், பாதி வாக்கியத்தில் தனக்கே அது பிடிபடாமல் நிறுத்திக்கொண்டார்.

அன்றிரவு மழை கொட்டியது. திங்கள் காலையில் ஏணியேறிப் பார்த்தபோது படகின் உள்ளே கணுக்கால் மட்டத்துக்குத் தண்ணீர். கிளின்ரனின் ஒற்றைச் செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அடியிலுள்ள வால்வுகளையெல்லாம் இறுக மூடும்படி கடதாசியின் பன்னிரண்டாவது வரி சொல்லியிருந்தது. சுக்கான் பிடிப்பவர் அமரும் பள்ளத்தில் விழுகிற மழைநீர் வெளியே போவதும் அந்த வால்வுகளில் இரண்டின் வழியாகத்தான். பள்ளம் நிரம்பி, வாசற்படியைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. நோர்வேயில் கொட்டகைக்குள் நிறுத்தும் படகுக்கு எழுதிய வரி அது என்பது கிளின்ரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டு வால்வுகளையும் திறந்துவிட்டார். உள்ளே நின்ற தண்ணீரை இறைத்தார்கள். பலகைகளுக்குக் கீழே நின்றது கோப்பைக்கும் எட்டவில்லை.

"மேல்தண்ணி இனிப் போகும். எங்காலயும் ஒழுகி உள்ளுக்கை வாற தண்ணி?" என்று கேட்டார் சில்வெஸ்ரர்.

அதற்கு மின்பம்பி இருக்கிறது என்றார் கிளின்ரன். பற்றரியைக் கழற்றும்படி கடதாசியில் இருக்கிறதே என்றார் சில்வெஸ்ரர்.

"அடியிலை ஒரு ஓட்டை வேணும் தம்பி."

"அண்ணை, ஓட்டை விழக்கூடாதெண்டுதான் நான் பதினொரு மாசமா நித்திரை கொள்ளாமல் இருந்தனான்."

செவ்வாயன்று கிளின்ரன் வாசற்கதவுப் பூட்டின் திறப்பை நீட்டினார். சில்வெஸ்ரர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். திறப்பு வீட்டுக்கு உரியது. வள்ளத்தைத் திறப்பை நம்பி எடுக்க ஏலாது என்றார். அன்ரனிதாஸின் வள்ளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப நான் போகேல்லை" என்று கிளின்ரன் குற்றியொன்றில் உட்கார்ந்துவிட்டார். அதே பின்னேரம் பிலோமினா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தொலைபேசியில் சில்வெஸ்ரரைக் கேட்டார். பன்னிரண்டு வயது இளைய மச்சானிடம் அவர் சொன்னது ஒரு வாக்கியம்தான்: "அவன் வராட்டிலும் பறவாயில்லை எண்டு சொல்லு, சில்வெஸ்ரர்." அதை அப்படியே மகனிடம் சொல்லச் சொன்னாரா, சொல்லாமல் விடச் சொன்னாரா? தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவருக்குத் தெளியவில்லை. மகனிடம் அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாதது சரியோ என்ற யோசனை இரவிலும் விடவில்லை.

ஆகவேதான் புதன்கிழமை காலை அவர் தட்டித் தட்டிச் சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் ஓரிடத்தில் சத்தம் கனத்தது. உள்ளே தண்ணீர் தங்கியிருக்கும் இடம். பின்பக்கத்தில் அல்ல, முன்பக்கத்தில். குற்றிகளுக்கு இடையில் மல்லாந்து நுழைந்து பார்த்தார். முதல் இரண்டு சுற்றிலும் சிப்பிக் கொத்து என்று விட்டுவிட்ட ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினார். சிப்பிக்குள்ளிருந்து பெருவிரல் அளவில் ஒரு சின்னச் சில்லு வெளிப்பட்டு, அரைச்சுற்றுச் சுற்றி நின்றது.

"தம்பி, உதென்ன?"

"அது வேகம் பாக்கிற சில்லு அண்ணை. ஓட ஓடச் சுத்தும். எவ்வளவு தூரம் வந்தம் எண்டு அதுதான் காட்டுறது."

"உள்ளுக்கிருந்து கழருமோ?"

குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கிளின்ரன் ஏணியேறிப் படகுக்குள் போனார். சிப்பி பிடித்தால் துப்புரவாக்குவதற்கென்றே கழற்றும்படி செய்யப்பட்டது அது. கடலில் கழற்றியவுடன் பாய்கிற நீரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூடியை இறுக்கியிருக்கிறார் கிளின்ரன். அது ஒரு கருவி என்றே அவர் மனதில் பதிந்திருந்தது. துளை என்று பதியவில்லை.

"கழரும்," என்றார்.

பலகை தூக்கும் சத்தம், மரை திருகும் சத்தம், பிறகு ஒரு 'ப்ளக்'. ஊத்தைத் தண்ணீர் சில்வெஸ்ரரின் நெற்றியிலும் வாயிலும் கொட்டியது. அவர் விலகவில்லை. கடைசித் துளி சொட்டியதும் இரண்டு விரல்களைத் துளைக்குள் விட்டு மேலே நீட்டினார். மறுபக்கத்தில் ஒரு கை அவற்றைத் தொட்டது, சற்றே பிடித்தது, விட்டது.

ஆனால் குழப்பம் அதோடு தீரவில்லை. ஊர் வள்ளங்களைப் பின்பக்கம் தாழ நிறுத்துவது வழக்கம். இதற்குத் துளை முன்னால் என்பதால் பின்பக்கத்தை உயர்த்த வேண்டியிருந்தது. வாழ்நாளில் அவர் நிறுத்திய வள்ளங்களிலெல்லாம் இதுவொன்றுதான் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அது சரியாகத்தான் நிற்கிறதா என்று தெருவுக்குப் போய் நின்று இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தார். குற்றி தூக்க வந்தவர்களில் அன்ரனிதாஸும் ஒருவர். வேலை முடிந்ததும் அவர் கிளின்ரனைப் பார்த்துக் கேட்டார்:

"உவரிட்டைச் சாமானைக் கையிலை குடுத்திட்டீரோ?"

"இனித்தான் குடுக்கப் போறன்."

"குடுத்துப்போட்டுப் போம். கையிலை கிடைச்சால் உவர் விடமாட்டார்."

அது குத்தலா, வேறெதுவுமா என்று அன்ரனிதாஸின் முதுகை வைத்துச் சில்வெஸ்ரரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிளின்ரன் சில்லைத் துடைத்து, இரண்டு கையாலும் அவர் உள்ளங்கையில் வைத்தார். "சித்தப்பா, அப்ப நான் போகட்டோ?"

"ஓம். நீர் போம். நான் பாக்கிறன். கொம்மாவைப் போய்ப் பாரும்."

வியாழன் காலை முதல் பஸ்ஸில் கிளின்ரன் போய்விட்டார். சூசையம்மா வாசலில் நின்று கையசைத்தார். சில்வெஸ்ரர் வெளியே வரவில்லை. அந்தோனியாருக்கு முன்னால் பிஸ்கட் தகரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். மற்றத் தக்கைகளைப் போல இது சும்மா கிடக்கவில்லை. வாயால் ஊதினால் சுற்றியது. கையில் எடுத்தாலே சுற்றியது. தகரத்தில் வைத்த பிறகும், இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருப்பது போல, ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் அதை வெளியே எடுத்தார். சுவரில் தொங்கிய வலையிலிருந்து ஒரு சாண் நைலோன் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சில்லின் இதழ்களுக்கிடையில் கோத்து, அசையாதபடி இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டார். ஒருமுறை ஊதிப் பார்த்தார். பிறகு தகரத்தை மூடினார்.