பின்கதவில் ஒட்டிய எழுத்து

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. பொடி எழுத்து ஓடாது. கடை போர்டு, பஸ் போர்டு, பேப்பரில் கொட்டை எழுத்து, இவற்றைக் கூட்டிப் படித்துவிடுவேன். அதற்காக யாரிடமும் போய் நின்றதில்லை. இது தெரிந்துதான் என் மகன், புதிதாக வாங்கிய லோடு வண்டியின் பின்கதவில், இருப்பதிலேயே தடித்த எழுத்தாகப் பார்த்து ‘அம்மா’ என்று ஒட்டச் சொன்னான். கருமத்தம்பட்டித் தறிகளுக்கு நூல் ஏற்றிப் போகிற நீல வண்டி. ஸ்டிக்கர் கடைக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தான்.

கடைக்காரர் வெள்ளை எழுத்தை வைத்து மேல்தாளை உரித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எழுத்தெல்லாம் வெடிப்பு. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த மாதிரி அங்கங்கே பொத்தல்.

“ஏனுங்க தம்பி, புது வண்டிக்கு ஒடைஞ்ச எழுத்தையா ஒட்டறீங்க?”

“ஒடையலீங்கம்மா, டிசைனே அப்படித்தானுங்க. பனியன்ல, பரோட்டாக் கடை போர்டுல, காலேஜ் பசங்க பேனர்ல, எல்லாத்துக்கும் இப்ப இதைத்தான் கேக்கறாங்க. பாத்தா ஒரு கெத்து இருக்குமுங்க.”

கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு ‘ம’விலும் ஒரே இடத்தில் ஒரே கீறல். அதைச் சொன்னதற்கு, “கம்ப்யூட்டர் ஒடைச்சதுங்க. அது ஒரே மாதிரித்தான் ஒடைக்கும்” என்று சிரித்தார்.

முழு எழுத்தாக வேறு ஒட்டச் சொல் என்று மகனிடம் சொன்னேன். அவன் கேட்கிற ஆளா?

“வண்டிக்குப் பூசணிக்காயே ஒடைச்சாச்சு, எழுத்து ஒடைஞ்சா மட்டும் ஆகாதாக்கும்? கண்ணாடி இல்லாம படிக்க முடியுதா, அத மட்டும் சொல்லும்மா.”

சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் எழுத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தான்.

படிக்க முடிந்தது. தெருக்கோடியிலிருந்தே முடிந்தது. அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீடு வந்தேன். ஆனாலும் காலையில் வண்டி கிளம்பினால், அது முக்குத் திரும்பும்வரை வாசலில் நின்று படிப்பேன்.

அவன் போனது அந்த வண்டியால் அல்ல. நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உடைந்த எழுத்தை ஒட்டினதால்தான் என்று துக்கத்துக்கு வந்த இடத்திலேயே சிலர் பேசினார்கள். வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மனசை அப்படிச் சொல்லி அடக்க முடியவில்லை.

வண்டி ஒரு வருஷத்துக்கு மேல் வாசலிலேயே வெயிலில் நின்றது. பேட்டரி செத்தது, டயர் இறங்கியது. மருமகள் பீளமேட்டில் ஓர் ஆபீசுக்குப் போய் வருகிறாள். ஒருநாள் அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“வித்துப்போடலாமுங்க அத்தை. வேலைக்குப் போயிட்டு வந்து பாக்கறப்பெல்லாம், அவுங்க இப்பத்தான் எறங்கி உள்ள போன மாதிரி இருக்குதுங்க.”

நான் மறுக்கவில்லை. எழுத்து மட்டும் எனக்கு வேண்டும் என்றேன்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒருவர் வாங்க வந்தார். புது பேட்டரி மாட்டி, டயருக்குக் காற்றடித்து, வண்டியைக் கிளப்பிப் பார்த்தார். நல்ல மனிதர். பின்கதவில் தன் குலதெய்வத்தின் பெயரை ஒட்டப் போவதாகச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள், எழுத்தை எடுத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

கண்ணாடியில் ஒட்டின ஸ்டிக்கர் பொட்டு மாதிரி அலுங்காமல் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி, நகத்தால் ‘அ’வின் ஓரத்தைக் கிளப்பினேன். ஒரு துணுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தது அப்படியே நின்றது. வெடிப்பு விட்ட இடமெல்லாம் எழுத்து தனித்தனித் துண்டு. ஒன்றை இழுத்தால் மற்றது கூட வராது. வெயிலில் காய்ந்து மொறுமொறுத்தும் போயிருந்தது. மருமகள் முடி காயவைக்கிற மெஷினைக் கொண்டுவந்து சூடு காட்டினாள். அப்போதும் நொறுங்கித்தான் வந்தது.

“அந்தக் கடையில சொன்னா இதே மாதிரி புதுசா வெட்டித் தருவாருங்க அத்தை.”

“அதுல அவன் கை பட்டிருக்குமா அம்மணி?”

அவள் மெஷினை நிறுத்தினாள். உள்ளே போய் ஒரு தட்டம் எடுத்து வந்து துணுக்குகளுக்கு ஏந்திப் பிடித்தாள்.

வாங்க வந்தவர் எழுந்து வந்து பார்த்தார். “உடுங்கம்மா, நான் ஷெட்டுல பிளேடு போட்டுச் சொரண்டிக்கறனுங்க.”

“நாங்க ஒட்டுனது, நாங்களே எடுத்துத் தர்றமுங்க. நீங்க டீ குடிங்க.”

“இது மூணாவது டீங்கம்மா.”

மருமகள் சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அந்த எழுத்தை முழுசாக எடுக்க முடியாது என்று தெரிந்தபோது பாதி போயிருந்தது. மீதியை விட்டால் கடைசி எழுத்து மட்டும் ஒற்றையாக நின்றிருக்கும். அப்படி ஊர் சுற்ற விட எனக்கு இஷ்டமில்லை. மருமகளிடம் பிளேடு வாங்கி நானே சுரண்டினேன். ஈரத்துணியால் துடைத்தேன்.

துடைத்த இடத்தில் ‘அம்மா’ இருந்தது. வண்டியெல்லாம் வெளுத்திருக்க, எழுத்து மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய அன்று இருந்த நீலத்தில், வெடிப்பும் பொத்தலுமாக அப்படியே.

வாங்க வந்தவர் குனிந்து அதைப் பார்த்தார். “பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிருமுங்க” என்றார் மெதுவாக.

“அடிச்சுக்கங்க. இனி உங்க வண்டி.”

குரல் கெட்டியாகத்தான் வந்தது. அவர் வண்டியை எடுத்தார். முக்குத் திரும்பும்வரை படித்தேன்.

தட்டத்தைப் பார்த்தேன். வெள்ளைத் துணுக்குகள், ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு கிடந்தன. விரலால் பிரித்து அடுக்கப் பார்த்தேன். எது ‘அ’, எது ‘ம’ என்றுகூடத் தெரியவில்லை.

“கொட்டிரட்டுங்களா அத்தை?”

“இருக்கட்டும் கண்ணு. நாளைக்குக் கொட்டிக்கலாம்.”