சிறுகுறிஞ்சாத் தூளும் சின்ன விரலும்

வேலியோரம் நான் சலம் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை முதலில் கண்டவள் என் மனைவி. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மானிப்பாய்ப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியன். ஒரு மாதமாகத் தாகம். குடித்த தண்ணீரெல்லாம் என்னை வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடியது.

ஆசுபத்திரியில் சலத்தை நீல மருந்தோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் காய்ச்சினார்கள். நீலம் நீலமாகவே நின்றால் சுகம். என்னுடையது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சலரோகம் (நீரிழிவு) என்றார் டொக்டர். குளிசை (மாத்திரை) தந்தார். சீனி கூடாது என்றார்.

சீனி எங்கே இருந்தது? பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த கொஞ்சத்தையும் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, ஊரே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த காலம் அது. டொக்டர் பனங்கட்டியைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பனையிலிருந்து வருவது உடம்புக்குக் கெடுதி செய்யாது என்று எங்களுக்குள் ஓர் எண்ணம்.

குளிசை வயிற்றைப் பிரட்டியது. தென்மராட்சியில் ஒரு பரியாரியாரிடம் (நாட்டு வைத்தியர்) போனேன். சிறுகுறிஞ்சா இலையை நிழலில் உலர்த்தி இடித்த தூளைத் தந்து, நாக்கில் போட்டு மென்று விழுங்கச் சொன்னார். குளிசையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. தூளைப் பற்றி டொக்டரிடம் மூச்சு விடவில்லை. இருவருக்கும் நல்ல பிள்ளையாக இருந்தேன். பிறகு குளிசையை விட்டேன்.

அந்தத் தூளுக்கு ஒரு குணம். கைப்புப் போன பிறகும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நாக்கில் இனிப்பு ஏறாது. பனங்கட்டி வாயில் களிமண். நோய் கழன்றுவிட்டதென்றே நினைத்தேன். இனிப்பே தெரியாத உடம்பில் இனிப்பு எங்கே தங்கும்? ருசியைத் தேடி ஒரு துண்டுக்கு இரண்டு துண்டு கடித்தேன்.

“உங்கடை நாக்குக்குத் தெரியாட்டி சலத்துக்கும் தெரியாதோ?” என்றாள் மனைவி.

“பரியாரியார் என்ன விசரரோ?” என்றேன்.

செருப்பு வார் கடித்த சின்ன விரல் ஆறவில்லை. நோவில்லாததால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்தேன். நோகாத புண்ணுக்குத்தான் பயப்படவேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. விரல் கறுத்தது.

டொக்டர் குழாயைத் தூக்கிக் காட்டினார். செங்கல்.

“மாஸ்டர், ஒளிக்காமல் சொல்லுங்கோ. என்னென்ன எடுக்கிறியள்?”

தூளைச் சொன்னேன். பனங்கட்டியையும் சொன்னேன்.

“தூளிலை எனக்குக் கோவமில்லை. எனக்குச் சொல்லாமல் குளிசையை விட்டதுதான் பிழை. பனங்கட்டியும் சீனிதான். இனி விரலை எடுக்கத்தான் வேணும். பிந்தினால் கால்.”

எடுத்தார்கள்.

தலைமாட்டில் ஏதோவொரு தூளை வைத்துக்கொண்டு இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த இலையை நான் பழிக்கவில்லை. இப்போதும் எடுக்கிறேன், குளிசையோடு, டொக்டருக்குத் தெரிய. தேத்தண்ணிக்கு முன் கொஞ்சம் போட்டால் இனிப்பில் ஆசை எழாது. நான் கண்ட பலன் அவ்வளவுதான். மிச்ச வேலையெல்லாம் நானாக அதன் தலையில் கட்டியது.

முன்பு என் நாளைப் பள்ளிக்கூட மணி வெட்டியது. இப்போது நாக்கு மரத்திருக்கும் நேரம், விழித்திருக்கும் நேரம் என்று இரண்டாகக் கிடக்கிறது. பின்னேரத் தேத்தண்ணி முடிந்ததும் கிணற்றடியில் கால் கழுவுகிறேன். விரலிடைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நாலாவது விரலைத் தாண்டியும் கை பழக்கத்தில் போய், ஒன்றுமில்லாத இடத்தைத் தேய்த்துவிட்டு வருகிறது. அதற்குள் நாக்குக்கு இனிப்புத் திரும்பிவிடுகிறது.