எழுபத்தொன்றில் வாங்கிய பெயர்

போன ஜூன் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. மேற்கே மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. ஊருக்குள் ஒரு துளி இல்லை. காற்று மட்டும் புழுதியை வாரி அடித்தது. திண்டுக்கல் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தட்டச்சுக் கடையில், கால் ஒன்று வளைந்த நாற்காலியில், என் பெயரை மாற்றுவதற்காக உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு எழுபத்தொரு வயதும் இரண்டு மாதமும்.

தட்டச்சுக்காரர் படிவத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இம்புட்டு வயசுக்கு மேல எதுக்குய்யா? பொண்ணு கிண்ணு பாக்குறீகளா?"

பின்னால் காத்திருந்த மூன்று பேர் சிரித்தார்கள்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

நான் அந்தக் கட்டத்தைப் பார்த்தேன்.

"எல்லாரும் எண் கணிதம்னுதான் போடுறாக. அதையே போட்டுரவா?"

"போடுங்க" என்றேன். உண்மையான காரணம் என் தம்பி. அதைப் படிவத்தில் எழுத முடியாது.

எனக்கு முன்னால் என் அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து இறந்தார்கள். மூத்தவனுக்கு எங்கள் வழக்கப்படி தாத்தாவின் பெயரை வைத்தார்கள். அவன் நாற்பது நாள் இருந்தான். அடுத்தவன் பதினோரு நாள். மூன்றாவதாக நான் பிறந்ததும், என்னைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி கண்டெடுத்ததுபோல் எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து என் அம்மா ஒரு படி தவிடு கொடுத்து என்னை வாங்கினாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துப் போய்விடவேண்டும், அதுதான் கணக்கு. அதற்குத் தோதாக ஒரு பெயரும் வைத்தார்கள். அதை இங்கே எழுதமாட்டேன். காலையில் வீட்டைப் பெருக்கி வெளியே தள்ளுகிறோமே, அதுதான் என் பெயர்.

எமன் ஏமாந்தான். மூன்று வருஷம் கழித்துத் தம்பி பிறந்தபோது வீட்டில் யாருக்கும் பயம் இல்லை. தாத்தாவின் பெயரை எடுத்து அவனுக்கு வைத்துவிட்டார்கள். நான் பிழைத்துக் காட்டியதால்தான் அவனுக்கு அந்தப் பெயர் கிடைத்தது. இதை யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஐந்தாம் வகுப்பில் நாங்கள் நாற்பத்திரண்டு பேர். வருகைப் பதிவில் என் எண் பதினேழு. பதினாறாவது பெயரை வாத்தியார் வாசித்ததுமே சிரிப்பு தொடங்கிவிடும். பிறகு பி.காம். முடித்தேன். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் நேரக்காப்பாளராக இருந்தேன். கொடைக்கானல் வண்டி, பெரியகுளம் வண்டி என்று அத்தனை வண்டியையும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டவன், என் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன். கையெழுத்து வெறும் முதலெழுத்துகள்.

தம்பிக்குக் கன்னிவாடிப் பக்கம் தோப்பு. பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஊரில் அவன் பெயரைச் சொன்னால், "பெரியவர் பேருல்ல" என்று ஒரு மரியாதை தானாக வந்துவிடும். அவனுக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேருமே தலைப்பிள்ளைக்கு அப்பாவின் பெயரை வைத்தார்கள். ஒரு பொங்கலுக்கு அவன் வீட்டில் யாரோ அந்தப் பெயரைக் கூப்பிட, மூன்று தலைகள் திரும்பின. நான் எண்ணினேன்.

எனக்கு ஒரு மகள், ஒரு மகன். முப்பத்தொன்பது வயதில்தான் கல்யாணம் செய்துகொண்டான். போன வருஷம் மருமகள் உண்டானாள்; ஆவணியில் பேறுகாலம் என்றார்கள். பையனாக இருந்தால் என் பெயரை வைப்பாயா என்று மகனிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளையை அழ விட்டுருவாங்கப்பா. நீங்களே சொல்லிருக்கீங்கல்ல."

அவன் சொன்னது சரிதான். அதனால்தான் அந்த வளைந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். தாத்தாவின் பெயர் வரிசைப்படி எனக்கு வந்திருக்கவேண்டியது. நானே எடுத்துக்கொண்டேன். பேரன் பிறப்பதற்குள் அது என் பெயராகிவிடவேண்டும்.

ஐந்து தடவை அலைந்தேன். அரசிதழில் பெயர் வந்தது. மகனிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "இதுக்காகவாப்பா?" என்றான். பிறகு, "சரி, நல்ல பேருதான். வச்சிருவோம்" என்றான். வேறு யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

பையனே பிறந்தான். முப்பதாம் நாள் தொட்டில் போட்டோம். எழுபத்தாறு பேர் வந்தார்கள். எங்கள் பக்கம், யாருடைய பெயரை வைக்கிறார்களோ அவர்தான் பிள்ளைக்கு முதலில் பொன் போடவேண்டும். அரைப் பவுனில் மோதிரம் வாங்கி, அரசிதழ்த் தாளோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

என் மகள், பிள்ளைக்கு அத்தை, காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னாள். நான் மோதிரத்தை எடுக்கப் பையில் கைவிட்டேன்.

"ஆத்தாடி, தம்பி பேரையா வச்சிருக்காக?" என்றார் கன்னிவாடியிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட மதினி.

"பெரியவுகளுக்கு மனசு பெருசுப்பா" என்றது இன்னொரு குரல். "மூத்தவரு தன் பேரை விட்டுக் குடுத்துட்டாரு பாரு."

கூட்டம் முழுவதும் தம்பியைப் பார்த்தது. அவன் தயாராக வந்தவன் இல்லை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் வைத்திருந்தான். அதைக் கீழே வைத்துவிட்டுத் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினான். ஒன்றரைப் பவுன் இருக்கும். அதைத் தொட்டிலில் பிள்ளையின் நெஞ்சின்மேல் வைத்துவிட்டு என் பக்கம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, சின்னதுலருந்து உனக்கு என் மேல ஒரு கோவம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான். "என் பேரை வப்பேன்னு நான் நெனைக்கவே இல்லண்ணே."

தாள் விரலில் பட்டுக்கொண்டிருந்தது. எடுத்து விரித்தால் ஒரு நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் மோதிரத்தை மட்டும் எடுத்தேன். பிள்ளையின் விரலில் அது நிற்கவில்லை. மருமகள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். என் முறை வந்ததை யாரும் கவனிக்கவில்லை. பந்தி போட்டுவிட்டார்கள்.

சாப்பிடும்போது தம்பி இலையில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கினான். "எலேய், என் பேரனுக்கு என் பேரு" என்று நான்கு பேரிடம் சொல்லிவிட்டான். நான்கு தடவையும் என் காதில் விழுந்தது.

அவனைக் குறை சொல்லமுடியாது. அவன் நல்லவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொறாமைப்படுவதற்குக்கூட அவன் ஒரு நியாயம் வைக்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் போய் இரண்டு பவுனில் சங்கிலி வாங்கினேன். அரைப் பவுனாவது கூடுதலாக இருக்கட்டும் என்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிள்ளையின் கழுத்தில் போட்டேன்.

"பச்சப்புள்ளக் கழுத்து இம்புட்டத் தாங்குமா மாமா?" என்றாள் மருமகள். செத்த நேரம் கழுத்தில் கிடக்கவிட்டு, பிறகு கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

ஓய்வூதியம் இன்னும் பழைய பெயரில்தான் வருகிறது. மாற்றக் கொடுக்கவில்லை. மாற்றினால் ஊரில் பேச்சாகித் தம்பிக்குத் தெரிந்துவிடும்.

பெயர் மாற்ற 4,780. மோதிரம் 42,150. சங்கிலி 1,84,906. மொத்தம் இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு ரூபாய்.